பள்ளிப் படிவத்தின் ஐந்து வரிகள்

1994 நவம்பர்: என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பதினொரு நாட்களில் வீடு திரும்பினாள்.

1995 ஜனவரி: மகளைக் கிண்டர்கார்டனில் சேர்ப்பதற்கான குலுக்கல் படிவம் கொடுக்கப்பட்டது. ஐந்து பள்ளிகள் குறிப்பிடப்பட்டன.

1995 பிப்ரவரி: படிவம் திரும்பி வந்தது. அதே வாரத்தில் புதிய படிவம் கொடுக்கப்பட்டது.

1995 மார்ச்: முதல் வரியில் எழுதிய பள்ளியே கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

1995 செப்டம்பர்: பள்ளி திறந்தது.

1995 நவம்பர்: என் மனைவி காலமானாள். வயது நாற்பத்து மூன்று.

நடந்தவை இவ்வளவே. இவற்றுக்கு இடையில் இருந்தவை எனக்கு இந்த ஒழுங்கில் நினைவுக்கு வருவதில்லை. கடலிலிருந்து ஏறி வந்து தெருவை மூடும் பனியில், ஒரு வீட்டின் கூரையும் ஒரு மரத்தின் பாதியும் மட்டும் தெரிவதுபோல அவை தெரிகின்றன.

பே ஏரியாவில் நாங்கள் இருந்த நகரத்தில், வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஓர் அரசுப் பள்ளி குழந்தையைச் சேர்த்துக்கொள்ளாது. நகரத்தின் எந்தப் பள்ளியையும் எவரும் கேட்கலாம். விரும்பும் வரிசையில் ஐந்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இடத்தைவிடக் கேட்பவர்கள் அதிகமாக இருக்கும் பள்ளிகளுக்குக் கணினி குலுக்கல் நடத்தும். எங்கள் நண்பர்களில் பெரும்பாலோர் இந்தச் சங்கடமே வேண்டாமென்று, நல்ல பள்ளி எங்கேயோ அங்கே வீடு வாங்கித் தெற்கே போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. நான் கற்பித்த கல்லூரி இங்கே இருந்தது. பிறகு அவளுடைய மருத்துவமனையும் இங்கே அமைந்தது.

நான் கற்பித்தது நிகழ்தகவு. இதனால் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு புதிய மதிப்பு உண்டாயிற்று. ஒரு நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்தில், எங்கள் மகள் வயதிலேயே பெண் உள்ள ஓர் இளைஞர் தட்டோடு வந்து என் அருகில் அமர்ந்தார்.

"சார், நீங்க ப்ராபபிலிட்டி ப்ரொஃபசர். இந்த லாட்டரிக்கு ஏதாவது ட்ரிக் இருக்குமே? எங்களுக்கு மட்டும் சொல்லுங்க."

சோபாவில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "இவர்கிட்டயா கேக்கறீங்க? பொங்கல் விழா ராஃபிள்ல ஊருக்கெல்லாம் பரிசு விழும். இவருக்கு ஒரு இட்லித் தட்டு கூட விழுந்ததில்ல."

"அது ஸ்மால் சாம்பிள்" என்றேன்.

"ஆமா, பன்னெண்டு வருஷ சாம்பிள்."

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞர் தன் முடிவைச் சொன்னார். "நான் மலை மேல இருக்கற ஸ்கூலைத்தான் ஃபர்ஸ்ட் சாய்ஸா போடப் போறேன் சார். டெஸ்ட் ஸ்கோர் எல்லாம் டாப். ட்ரைவ்தான் நாப்பது நிமிஷம். ரெண்டு மணிக்கே விட்டுடறாங்க. என் வொய்ஃப் வீட்டுல இருக்கா, மேனேஜ் பண்ணிக்குவா."

என் மனைவி வடையைச் சிறு துண்டுகளாகப் பிட்டுக்கொண்டிருந்தாள். அவற்றை அவள் சாப்பிட்டதாக நினைவில்லை.

பள்ளிகளைப் பார்க்கப் போன காலைகள் யாவும் இன்று ஒரே காலையாகக் கலந்துவிட்டன. ஒவ்வொரு வாசலிலும் ஈரக் குடைகள். உள்ளே, ஒட்டும் பசையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. வளர்ந்த மனிதர்களாகிய நாங்கள் முழங்கால் நெஞ்சில் முட்டக் குட்டி நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருப்போம். மலைப்பள்ளியின் ஜன்னல்களுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் இருந்தன. பனி அவற்றினூடே கீழிருந்து மேலாகப் போயிற்று. கட்டடமே மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அங்கே நான் கையில் வைத்திருந்த தாளில் மதிப்பெண்களை எழுதிக்கொண்டேன். எங்கள் மகள் ஒரு கூண்டின் முன் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, தே ஹேவ் எ ஹாம்ஸ்டர்" என்றாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அப்போதே அவளுக்குப் பழக்கம்.

எங்கள் வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளிக்குக் கடைசியாக, அவளுக்காகக் காரிலேயே போனோம். பதினொரு நிமிட நடை, ஒரே ஒரு சாலையைக் கடக்க வேண்டும். அதை எவரும் முதல் வரியில் எழுதுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். பார்க்க வந்தவர்கள் நாங்களும் இன்னொரு குடும்பமும்தான். ஆசிரியை எங்களை வகுப்பின் மூலையில் இருந்த வாசிப்பு இடத்துக்கு அழைத்துப் போனார். கம்பளம் விரித்து, தலையணைகள் போட்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேங்க" என்றாள் என் மனைவி. மற்றவர்கள் சமையலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவள் தலையணையில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பக் குனிந்தேன். ஆசிரியை வேண்டாமென்று கையசைத்தார். அலமாரியிலிருந்து வாத்துகள் போட்ட ஒரு குழந்தைப் போர்வையை எடுத்து, முழங்கால் வரை எட்டிய மட்டும் போர்த்தினார். குழந்தைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். சிகிச்சை தொடங்கிய பிறகு அவள் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. விழித்தவள் போர்வையைத் தோளில் சுற்றியபடியே காருக்கு நடந்தாள். வீடு வந்த பிறகுதான் இருவரும் கவனித்தோம்.

அன்று பிற்பகலில் படிவத்தை நிரப்பினேன். முதல் வரியில் மலைப்பள்ளி. கடைசி வரியில் அருகிலிருந்த பள்ளி. என் மனைவி "உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளை வாங்கி உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்தாள். பிறகு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் அது தபாலில் திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. மூலைகளில் கறை இருப்பதால் இயந்திரம் தாளைப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேறு படிவம் தரவும். அந்தக் கட்டம் எங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தாளின் உச்சியிலும் அதே இடத்தில் அதே சுழியைப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என்னுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் கைப்பிரதியில்கூட அது உண்டு.

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "பாத்தீங்களா? இன்னொரு தரம் யோசிடான்னு பிள்ளையாரே திருப்பி அனுப்பியிருக்கார்."

"பிள்ளையார் இல்ல, ஸ்கேனர்."

"யாரா இருந்தா என்ன. யோசிங்க." பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டு மணிக்கு யாருங்க கூட்டிட்டு வருவா?"

"நீ."

"நானா?"

"நீதான். வேற யாரு?"

புதுப் படிவம் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. அவள் அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"கிண்டர்கார்டன்லேர்ந்து அஞ்சாவது வரைக்கும். ஆறு."

"ஆறா!" என்றாள். "ரொம்பத் தாராளம்தான் உங்களுக்கு."

மருத்துவர் சொன்ன எண் எனக்குத் தெரியும். அந்த எண்ணின் பொருளை அவளைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன் என்பது என் தொழிலின் தண்டனை. அதை வைத்துப் பார்த்தால் முதல் வரியில் எழுத வேண்டியது எது என்பதில் ஐயமே இல்லை: தாய் இல்லாத ஒரு குழந்தை நடந்தே வீட்டுக்கு வரக்கூடிய பள்ளி. ஆனால் மலைப்பள்ளியை எழுதினால், தினமும் காரோட்டிப் போய்க் காத்திருக்கும் ஒருவரையும் சேர்த்தே எழுதியதாகும். மதிப்பெண்களைப் பற்றி நண்பர்களிடம் நான் பேசியதெல்லாம் உண்மைதான். என் கை அந்தப் பெயரை எழுதியது அதற்காக இல்லை. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன். அவள் சொல்லவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, எழுதுங்க. சுழி மட்டும் போடாதீங்க."

மார்ச்சில் கடிதம் வந்தபோது அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். அவர்களுக்கு மூன்றாம் வரிதான் கிடைத்திருந்தது. "சார், ட்ரிக் இல்லன்னு சொல்லிட்டு நீங்க மட்டும் அடிச்சிட்டீங்களே!" என்றார். என் மனைவி அருகில் இருந்து கேட்டுவிட்டு, "இட்லித் தட்டு விழாம சேத்து வெச்ச அதிர்ஷ்டமெல்லாம் ஒண்ணா விழுந்திருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

செப்டம்பரில் அவள்தான் ஓட்டினாள். பகல் ஒரு மணிக்கே போய், யூகலிப்டஸ் மரத்தடியில் முதல் இடத்தில் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, அந்த வாத்துப் போர்வையைப் போர்த்துக்கொண்டு தூங்குவாள். எனக்கு வகுப்பில்லாத ஒரு வெள்ளிக்கிழமை நானும் உடன் போனேன். பள்ளி விட்டபோது வாசலுக்குப் போய் நின்றேன். மகள் என்னைக் கடந்து நேராகக் காருக்கு நடந்தாள். உடனே தட்டவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே தூங்கும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியில் வாயால் ஊதி, அந்த ஆவியில் விரலால் ஒரு பூனை வரைந்தாள். அது மறையும்வரை காத்திருந்து மெதுவாகத் தட்டினாள். தினமும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. பனியில் பின்னிருந்த மரங்கள் தெரியவில்லை. கார் மட்டும் இருந்தது. அதற்குள் அவள் கண் விழித்து, யார் என்று ஒரு கணம் தெரியாமல், பிறகு தெரிந்து, சிரித்தாள்.

இருபதாம் நாள் வெகுநேரம் தட்ட வேண்டியிருந்ததாம். அன்று மாலை என் மனைவி கார் சாவியை என் முன்னால் வைத்தாள்.

"நாளைலேர்ந்து நீங்க போங்க."

"நாலு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

"இருபது நாள் ஓட்டிட்டேங்க" என்றாள். "நல்லா இருந்துது."

டிசம்பரில், எல்லாம் முடிந்த பிறகு, மாவட்டப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அருகிலிருக்கும் பள்ளிக்கு மாற்ற முடியுமா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். முகப்பில் இருந்த பெண்மணி பட்டியலைப் பார்க்கவே இல்லை. அந்தப் பள்ளிக்குக் குலுக்கலே நடக்கவில்லை என்றார். கேட்டவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாற்றல் படிவத்தை நீட்டினார். ஒரே ஒரு வரி நிரப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். பக்கத்துப் பள்ளி, நடந்தே போகலாம், உனக்கு நினைவிருக்கிறதா, அம்மா தூங்கினாளே, அங்கே.

அவள் யோசித்தாள். "நோ, அப்பா. அம்மாஸ் ஸ்பாட் இஸ் தேர்" என்றாள், மலைப் பக்கம் கையைக் காட்டி.

அதன் பிறகு என் வகுப்புகளை எல்லாம் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்து ஆண்டுகளாக ஒரு மணிக்கே போய் முதல் இடத்தில் நிறுத்துகிறேன். இருக்கையைச் சாய்ப்பதில்லை. பனி கீழிருந்து மேலாகப் போகும். சில நாட்களில், இறங்கிக்கொண்டிருப்பது நானும் காரும்தான் என்று தோன்றும். கண்ணை மூடினால், ஜன்னல் தட்டப்படும்போது யார் யாரை எழுப்புகிறார்கள் என்பது ஒரு கணம் தெரியாது. அந்தக் கணத்துக்காகவே நான் கண்ணை மூடுகிறேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மகள் இப்போது பூனை வரைவதில்லை. பத்து வயதாகிறது. பையைப் பின்னால் எறிந்துவிட்டு ஏறிக்கொள்கிறாள்.

இது 2001 ஜனவரி. நடுநிலைப் பள்ளிக்கான குலுக்கல் படிவம் வந்திருக்கிறது. அதிலும் ஐந்து வரிகள். நேற்று மகள் அதை என் மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "திஸ் டைம் ஐ வான்ட் டு வாக், அப்பா" என்றாள். பிறகு, அவள் எப்போதாவது மட்டும் பேசும் தமிழில், "நானே வந்துடுவேன்" என்றாள்.

செய்யாமல் இருப்பவை:

படிவம். முதல் வரியில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளியை எழுத வேண்டும்.

1995 டிசம்பரில் வாங்கிய மாற்றல் படிவம். கிழித்துப் போட வேண்டும்.

வாத்துப் போர்வை. துவைக்க வேண்டும். அந்த ஆசிரியை இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துத் திருப்பித் தர வேண்டும்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு, பகல் ஒரு மணிக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும்.