ஒரே சைட்மேப்பில் மூன்று வியாபாரம்

நம் தொழிலைக் 'கம்ப்யூட்டர் வேலை' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் விளக்க முடியாது என்பது, வெப்சைட் பராமரிக்கும் பிழைப்பில் இருக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன ஆபீசில் இருந்தேன். சர்வரில் ஒருமுறை நிறுவிய ஒரே மென்பொருளில் மூன்று டொமைன்களை, அதாவது மூன்று வெப்சைட் முகவரிகளை, ஓட்டிக்கொண்டிருந்தோம்: ஒரு கெஸ்ட் ஹவுஸ், ஒரு மரச்சாமான் கடை, ஒரு கல்யாண மண்டபம்.

கட்டில் கடைக்கு வந்த போன்

மரச்சாமான் கடை இஸ்மாயில் பாயுடையது. ஒருநாள் காலையில் போன் செய்து, வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிட்டு ரூம் கேட்கிறார்கள் என்றார். இணையத்தில் தேடிப் பார்த்தேன். கெஸ்ட் ஹவுசின் அறைகள் எல்லாம் பாய் கடையின் வெப்சைட் முகவரியில் வந்து நின்றன. மேலே அவர் கடைப் பெயரும் போன் நம்பரும், கீழே அடுத்தவர் வீட்டுப் படுக்கையறை. பாய் கோபப்படவில்லை, குழம்பிப் போயிருந்தார்.

“கடலைப் பாத்த ரூம் இருக்கான்னு கேக்கறாங்கம்மா. எங்கிட்ட கட்டில் இருக்குது, கடலுக்கு நான் எங்க போறது?”

மதாம் வந்தார்

கெஸ்ட் ஹவுஸ் அம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்பா விட்டுப்போன வீட்டைத்தான் மதாம் கெஸ்ட் ஹவுசாக்கி நடத்தினார். டிசம்பர் சீசனை நம்பித்தான் அவருக்கு வருஷமே. அந்த வருஷம் அக்டோபர் முடியப் போகிறது, ஒரு மெயில்கூட வரவில்லை. ஆட்டோ பிடித்து நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

'இவையெல்லாம் எங்கள் பக்கங்கள்' என்று தேடுபொறிக்குக் கொடுக்கிற பட்டியல்தான் சைட்மேப், மூன்று டொமைனுக்கும் ஒரே பட்டியல் போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“எங்க வீட்டுப் பேரக் கொண்டுபோய் வேற வாசல்ல மாட்டிட்டீங்க. கழட்டி எங்க வாசல்ல மாட்டுங்க, போதும்.”

முதலில் கேட்டவருக்கே

நானும் என்னோடு வேலை பார்த்த பாஸ்கரும் டொமைனுக்கு ஒரு சைட்மேப் என்று பிரித்தோம். என் கம்ப்யூட்டரில் மண்டபத்தின் பட்டியலைத் திறந்தேன், சரியாக இருந்தது. பாஸ்கர் கெஸ்ட் ஹவுசின் பட்டியலைத் திறந்தான். அதிலும் மண்டபத்தின் பக்கங்கள்.

பாஸ்கர்தான் கண்டுபிடித்தான். முதலில் கேட்டவருக்குக் கொடுத்த பட்டியலையே சர்வர் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் வந்த எல்லோருக்கும் அதையே நீட்டியிருக்கிறது. டொமைன் பெயரைச் சேர்த்துத் தனித்தனியாகச் சேமிக்கும்படி மாற்றினோம். தவறான முகவரியில் வருகிறவர்களைச் சொந்த முகவரிக்குத் திருப்பியும் விட்டோம். மாற்றி மாற்றித் திறந்து பார்த்தோம். அவரவர் பட்டியல் அவரவருக்கு வந்தது. பாஸ்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“மூணும் அதது வேலையப் பாக்குது. வா, சாப்புட்டு வந்துரலாம்.”

மண்டபத்துக்காரர்

மண்டபம் தவளக்குப்பத்தில். முதலாளி விவசாயி. இப்படி ஒரு குழப்பம் நடந்தது, சரிசெய்துவிட்டோம் என்று பயந்து பயந்து போனில் சொன்னேன்.

“எங்களுக்கு ஆளுங்க கல்யாணப் பத்திரிக அடிக்கிறவரு சொல்லித்தான் வராங்க. நீ பதறாதம்மா.”

அறை இல்லை

சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது. தேடுபொறி தனக்குத் தோன்றும்போது வந்து பார்க்கும்; அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். தினமும் டீ குடிக்கும் முன்பே கெஸ்ட் ஹவுஸ் பெயரைத் தேடிப் பார்ப்பேன். ஒருநாள் அது தன் சொந்த முகவரியிலேயே வந்தது. பாஸ்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கும் நம்பிக்கை வராமல் தன் கம்ப்யூட்டரில் ஒருமுறை தேடிப் பார்த்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மெயில் வரத் தொடங்கியது. நவம்பர் கடைசியில் மதாமே போன் செய்தார். குரலே மாறியிருந்தது.

“ரூமெல்லாம் ஃபுல்லும்மா. இனிமே யாருனா கேட்டா இல்லைன்னு சொல்லணும். அதச் சொல்றதுக்கு எவ்ளோ நல்லாருக்கு தெரியுமா?”

மற்றபடி இந்தப் பிழைப்பில் நம்மைத் தேடி வந்து யாரும் பாராட்டுவதில்லை. குறை சொல்லி யாரும் கூப்பிடாத ஒரு நாள் வந்தால் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.