குடலிறக்கம் என்று சொல்லிவைத்தேன்

எனக்கு நடந்தது புராஸ்டேட் வீக்கத்துக்கான ஆபரேஷன். ஊருக்கு நான் சொல்லிவைத்தது குடலிறக்கம். தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டு மில் ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற மறுவருடம் அது. முப்பது வருடம் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவன் ஒன்றுக்குப் போக முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தான் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா? குடலிறக்கம் கௌரவமான வியாதி. மூட்டை தூக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் தூக்கியது தினமும் காலையில் செய்தித்தாள் மட்டும்தான், அது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள், ஒன்றுக்குப் போவதற்காகச் செருகியிருந்த டியூபை உருவிவிட்டு டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். "தண்ணி நிறையக் குடிங்க. வர்ற மாதிரி இருந்தா உடனே போயிருங்க, அடக்காதீங்க. உள்ள ரத்தக்கட்டி அடைச்சுக்கிட்டா மறுபடியும் டியூப்தான்." இரண்டே வேலை. மாடுகூடச் செய்யும்.

மாட்டை நலம் விசாரிக்க ஆள் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் படுத்தால் போதும், ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து முன்னறையை நிரப்பிவிடுவார்கள். கக்கூஸ் இருப்பதோ கொல்லைப்புறத்தில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி ஓடினால், குடலிறக்கக்காரனுக்கு இதென்ன ஓட்டம் என்று கேட்க மாட்டார்களா? போதாததற்கு, வந்தவர்கள் உட்கார்ந்திருக்கையில் எழுந்து போவது மரியாதை இல்லை. எனவே என் அபார மூளையைச் செலவழித்துத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அடைத்துக்கொண்டது. அந்த வலி என் எதிரிக்கும் வரக்கூடாது. ஆட்டோ விழுந்து எழுந்த ஒவ்வொரு குழியிலும் என்னைப் பெற்றவளைக் கூப்பிட்டேன். டாக்டர் கட்டிகளைக் கழுவி எடுத்து மறுபடி டியூபைப் போட்டார். "உங்க மரியாதைய ஒரு மாசம் கழட்டி வெச்சுருங்க," என்றார். ஒரு வாரம் காலோரம் மூத்திரம் சேரும் பை தொங்கியது. சாகும்வரை இதோடுதானா என்று பயந்துபோய் மனைவியிடம் கேட்டேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாம் முறை டியூபை உருவிய அன்றைக்கே பவானியிலிருந்து சம்பந்தி, பத்துப் பேரோடு வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அவர் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கொடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தோப்பிலிருந்து இளநீர் வேறு, இரண்டு குலை. ஒன்றைச் சீவிக் கையில் கொடுத்து, "குடிங்க சம்பந்தி, ஒடம்புக்குக் குளிர்ச்சிங்க," என்றார். மறுக்க முடியுமா? குடித்தேன். அவரும் குடித்தார், வந்த பத்துப் பேருக்கும் ஆளுக்கொன்று சீவிக் கொடுத்தார். பிறகு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதையும், அது எந்தெந்த வயலுக்கு எப்படிப் பாய்ந்தது என்பதையும் மடை மடையாக விவரித்தார். எனக்கு அடிவயிறு இறுகியது. வேர்த்துக் கொட்டியது. சிரித்த முகத்தோடு "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி நடு அறைக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. இவருக்குக் குடலெறக்கமெல்லாம் இல்லீங்க. ஒன்னுக்கு அடைச்சுக்கிட்டுத்தானுங்க ஆப்பரேசன் பண்ணுனது. இப்பப் போகலீனா மறுக்கா டியூப் போட்டுப்போடுவாங்க. அவர எந்திரிக்க உடுங்க."

பத்துப் பேரும் அவரவர் கையிலிருந்த இளநீரைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் கொல்லைப்புறம் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. வெளியிலிருந்து அவள், "வருதுங்களா?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பிறகு நன்றாகவே வந்தது. "வருது" என்றேன். வெட்கமில்லாமல் அழுதேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் நல்ல சேதி இதுவாகத்தான் இருக்கும்.

முகம் கழுவிக் கதவைத் திறந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். அவள் நின்ற இடத்தில் சம்பந்தி, தோள் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் வழி உடுங்க சம்பந்தி," என்றார் மெதுவாக. "எனக்கும் ரெண்டு வருசமா இதே பாடுதானுங்க. ஊட்டுல இன்னும் சொல்லலீங்க."