வெள்ளிக்கிழமை முகம்

என் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. நான் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வீடு வந்து சேரும்போது அங்கே அவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருப்பார். தோளில் கிடக்கும் பையைக்கூட இறக்காமல் வீடியோ கால் போட்டுவிடுவேன். ஐந்து வருஷமாக எங்கள் குடித்தனம் போனுக்குள்தான் நடக்கிறது, என்ன செய்ய.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தது. பேச்சும் குழறியது. வெளியே பேய்க்காற்று.

“என்னங்க, சிக்னல் சரியில்லையா? மொகம் கோணலாத் தெரியுது” என்றேன்.

“ஆமா, இங்கிட்டு நெட்டு சரியில்ல” என்றார். பொய்யை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது தெரியவில்லை.

அடுத்த வாரமும் அதே கோணல். எரிந்து விழுந்தேன். “அந்தப் பாடாவதி போனத் தூக்கிக் கடாசுங்க. பாக்கவே என்னமோ போல இருக்கு.” அவர் சிரித்தார். சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. மற்றப் பாதி சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் சிக்னலைத்தான் திட்டினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் கடைசிப் பீரியடு. ஒரு பொருள் தன் வடிவம் கெட்டுக் கோணிப்போவதைச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளை நடத்திக்கொண்டிருந்தேன். ட்விஸ்ட் என்று கைக்குட்டையை முறுக்கிக் காட்டினேன். பெண்ட் என்று ஸ்கேலை வளைத்தேன். வார்ப் என்பதற்கு எங்கள் வகுப்பறைக் கதவே போதும்; மழைத்தண்ணீர் குடித்து உப்பி, வருஷக்கணக்காக நிலையில் உட்கார மாட்டேன் என்கிறது. டிஸ்டார்ட்டுக்குத்தான் கைவசம் ஒன்றும் இல்லை.

“எங்க வீட்டுக்காரரு வீடியோ கால்ல வந்தா மூஞ்சி கோணிக்கிட்டு வருது, அதான் டிஸ்டார்ட். ஆளு நல்லாத்தான் இருப்பாரு. வந்து சேருற படந்தான் கோணும்” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். “மிஸ், ஆளே கோணிட்டா அதுக்கு என்ன வேர்டு?”

கன்டார்ட் என்று போர்டில் எழுதினேன். எழுதிவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து வீடியோ கால் போட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். நான் கொடுத்தனுப்பிய மாதா படம் போட்ட காலண்டர் தொங்கியது. அதன் கட்டங்கள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. கட்டில் கம்பி நேராக இருந்தது. மாதா முகமும் நேராகத்தான் இருந்தது. படம் ஒரு துளிகூடக் கோணவில்லை.

“சேசுவே! ஏங்க, கண்ண மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்கங்கிறேன்ல.”

மூடினார். வலது கண் மூடியது. இடது கண் திறந்தே இருக்க, அதன் கருவிழி மட்டும் மேலே ஏறி மறைந்தது. வெள்ளைதான் தெரிந்தது.

“மூணு வாரம் ஆகப்போகுது” என்றார். “காலைல வாய் கொப்புளிக்கிறேன், தண்ணி ஒருபக்கமா ஒழுகுது. டாக்டரப் பாத்துட்டேன். பக்கவாதம் இல்லையாம், மொகத்து நரம்புதான் வீங்கியிருக்காம். மெல்லச் சரியாயிரும்னாரு. நீ அங்கிட்டு ஒத்தையில கெடந்து பயந்துக்குவேன்னுதான் சொல்லல.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். பிறகு, “தூங்கவாச்சும் செய்றீங்களா?” என்று கேட்டேன்.

“ராத்திரில கண்ணுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கிருவேன். பகல்ல படுத்தா செவுத்தப் பாத்துப் படுத்துக்கிறேன். ரூம்ல இருக்கவங்களுக்கு இதப் பாத்தா ஒரு மாதிரியா இருக்காம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவங்க கெடக்காங்க விடுங்க. போனத் தலகாணியில சாத்தி வச்சுட்டு, என்னப் பாத்துப் படுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“ஒனக்குப் பயமா இல்லையா?”

“கட்டுன புருசன் மொகத்தப் பாக்க என்னங்க பயம்?”

அவருக்கு அத்தனை சந்தோஷம். ஒருக்களித்துப் படுத்தவர் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். வலது கண் மூடியிருந்தது. இடது கண் பாதி திறந்து, வெள்ளையாக, என் பக்கமே நின்றது. மூச்சு விடும்போதெல்லாம் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. எங்கள் வாசலில் இன்னும் வெயில் இருந்தது. தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். அதெல்லாம் எனக்குத் தைரியம் தரவில்லை. பத்து நிமிஷம் தாக்குப்பிடித்திருப்பேன்.

பிறகு, வீடியோ காலைத் துண்டிக்காமல், போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் முழித்துக் கூப்பிட்டபோது சட்டென்று எடுத்து நிமிர்த்தினேன்.

“பாத்துக்கிட்டேவா இருந்த?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.