ரைட்டக்காவின் நடைப் பேருந்து

எங்கள் குடியிருப்பையும் பள்ளியையும் இணைத்த பேருந்தின் நடத்துநரை எல்லாரும் ரைட்டக்கா என்றே அழைத்தோம். வண்டி புறப்பட இரண்டு விசில் அடிப்பார். அது போதாதென்று ‘ரைட், ரைட்’ என்று குரலும் கொடுப்பார். பயணிகள் போதவில்லை என்ற காரணத்தைக் காட்டி அந்தத் தடத்தை நிறுத்தினார்கள். ஆள் எண்ணியது பள்ளி விடுமுறையில். பிள்ளைகளே இல்லாத வாரத்தில் பள்ளித் தடத்துக்கு எப்படி ஆள் வரும் என்று எழுதிக் கேட்டேன். ‘தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. பரிசீலித்ததற்கான தடயம் எதுவும் அதில் இல்லை. அந்தப் பதில் இன்றும் என்னிடம் உள்ளது; எனினும் நான் எழுத வந்தது ரைட்டக்காவைப் பற்றி.

பேருந்து போனபின் அவருக்குப் பணிமனையில் ஓர் அறையைக் கொடுத்தார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளும் பைகளும் இருக்கும் அறை அது.

“நாள் முழுக்க குடைங்க மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்” என்றார் கணவரிடம். கணவர் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். பேச்சில் ஊசி ஏற்றத் தெரிந்தவர்.

“சில்லறை கேட்டு சண்டை போடாத பயணிங்க. குடுத்து வெச்சிருக்கணும்.”

சில மாதங்களில் ரைட்டக்கா விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டார்.

அதற்குள் பள்ளி வாசல் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. நடந்தே போகக்கூடிய தூரத்துக்குக் கார் எடுத்தவர்கள், மற்றவர்களின் கார்களுக்குப் பயந்து தாங்களும் கார் எடுத்தார்கள். கார் இல்லாதவர்கள் திண்டாடினார்கள். அவர்களில் ஒருவர் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். கடை திறப்பதும் பள்ளி திறப்பதும் ஒரே நேரம். ஒருநாள் அவர் மகளுடன் வந்து, “அக்கா, நீங்க காலையில நடக்கப் போறப்போ இவளையும் பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டார்.

நடைப் பேருந்து தொடங்கியது அப்படித்தான்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பிறகு அடுத்த தெரு. பழைய தடத்திலேயே, பழைய நிறுத்தங்களில் நின்று, ரைட்டக்கா அவர்களை அழைத்துச் சென்றார். தண்ணீர்த் தொட்டி, பூங்கா, மருந்துக்கடை, பள்ளி. மிஞ்சிய துணியில் கணவர் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டைகள் தைத்துக் கொடுத்தார். நடைபாதை விளிம்பில் எவனாவது தாவி நடந்தால், “டேய், படியில தொங்காத!” என்று அதட்டல் விழும். “பூங்கா ஸ்டாப்! ஏறுறவங்க ஏறலாம்! முன்னாடி இடம் இருக்கு, உள்ள போங்க!” என்று வெட்டவெளியில் நின்று கூவுவார். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதுபோல் நடிப்பார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அருகே பெரிய கார் வைத்திருக்கும் வக்கீல் ஒருவர் இருந்தார். மகன் அடம்பிடித்ததால் அவரும் இறங்கிவந்தார். கார் வீட்டு வாசலிலேயே நிற்க, பையன் வரிசையின் முதல் ஆளாக நடந்தான்.

விபரீதம் நடந்தது மருந்துக்கடைக்கு எதிரே, பிரதான சாலையைக் கடக்கும் இடத்தில். இதை ரைட்டக்காவிடமும் ஓட்டுநரிடமும் தனித்தனியே கேட்டேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது. முந்திய இரவு மழை. நிறுத்தத்தில் வேறு தடத்துப் பேருந்து ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிள்ளைகள் கடக்க வேண்டும். ரைட்டக்கா சாலையின் நடுவுக்குச் சென்று கையை உயர்த்தி, வருகிற வண்டிகளை ஒரு விசிலில் நிறுத்தினார். பிறகு பிள்ளைகள் புறப்பட இரண்டு விசில் அடித்தார்.

பேருந்து நகர்ந்தது.

அதை ஓட்டியவர், பல ஆண்டுகள் ரைட்டக்காவின் விசிலுக்கு வண்டி எடுத்த பழைய ஓட்டுநர்; மீசை என்றுதான் அவரை எல்லாரும் அழைத்தோம். பின்னால் வண்டி வருகிறதா என்று வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்தபடி எடுத்தார். இடப்புறம் பிள்ளைகள் இறங்கியதை அவர் காணவில்லை. ரைட்டக்கா அலறிய அலறலில் பிரேக்கை மிதித்தார். வக்கீல் மகன் பின்வாங்கித் தேங்கிய நீரில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுடைய தண்ணீர் பாட்டில் உருண்டு பேருந்துக்கு அடியில் போனது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

மீசை குதித்து இறங்கினார். “ஏக்கா! நீயா விசில் அடிச்ச?”

“நான்தான்டா அடிச்சேன்! உன்னை யாரு எடுக்கச் சொன்னது?”

“ரெண்டு விசில் கேட்டா எடுக்காம என்னக்கா பண்ணுவேன்? அதுவும் உன் விசிலு! எனக்குக் காது கேக்குறதுக்கு முன்னாடி கால் கேட்டுடுச்சு.”

பேருந்தின் பின்பக்கத்திலிருந்து அதன் உண்மையான நடத்துநர் தலையை நீட்டினார். “நான் இன்னும் டிக்கெட்டே போட்டு முடிக்கல. யாருய்யா ரைட் குடுத்தது?”

அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாலையே வக்கீல் தலைமையாசிரியையைப் பார்த்தார். நடைப் பேருந்து உடனே நிறுத்தப்பட்டது. விசில் கூடாது, வரிசையின் கடைசியில் இன்னொரு பெரியவர் வர வேண்டும், திங்கட்கிழமை பெற்றோர் மறுபடி பிள்ளைகளை நம்பி அனுப்ப வேண்டும்; அப்படியானால்தான் தொடரலாம் என்றார் தலைமையாசிரியை.

ரைட்டக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். “பஸ்ஸைப் பிடுங்கினாங்க, பொறுத்துக்கிட்டேன். அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல. இது என் விசிலால போச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க.”

கணவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். “விசில் இல்லாம உனக்கு ஆளைக் கூப்பிடத் தெரியாதா? கல்யாணம் ஆனதிலிருந்து என்னை விசிலடிச்சா கூப்பிட்ட?”

“அடிச்சிருந்தா ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டி இருந்திருக்காது.”

மறுநாள் ரைட்டக்கா மீசையையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். இனிப் பேருந்து நிறுத்தத்தின் அருகே கடப்பதில்லை. சற்றுத் தள்ளி, சிக்னலில்தான் கடப்பது. வரிசைக்குப் பின்னால் மீசை வருவார். அதற்காகவே காலைப் பணியை மதியத்துக்கு மாற்றி வாங்கியிருந்தார். இதை ஒவ்வொரு வாசலிலும் பொறுமையாகச் சொன்னார்கள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் பார்க்கலாம் என்றார்கள். வக்கீல் வாசலில்தான் பேச்சு கனத்தது.

“சார், தப்பு அக்கா மேல இல்ல. என் கால் மேல” என்றார் மீசை.

“நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா பஸ் முன்னாடி விழுந்தது என் பையன். அதை நான் எப்படி மறக்குறது?”

“மறக்க வேண்டாங்க. நானும் மறக்கல” என்றார் ரைட்டக்கா. “நாங்க இனிமே எப்படிப் போறோம்னு ஒருநாள் வந்து பாருங்க. அதுக்கப்புறம் நீங்க வேண்டாம்னா சரி.”

வக்கீல் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்துக்கு வந்த பிள்ளைகள் வழக்கத்தில் பாதிகூட இல்லை. மருந்துக்கடைப் பெண் மகளின் கையை விட்டுவிட்டு, “நான் கடையிலிருந்து பார்த்துட்டே இருப்பேன்கா” என்று சொல்லிப் போனார். மீசை முழங்காலைத் தடவிக்கொண்டார். “ஊரையே சுமந்தவன்க்கா நான். இப்ப என்னையே நான் சுமக்கணும்.”

அப்போது வக்கீலின் கார் வந்து, சரியாக நிறுத்தத்தில் நின்றது. உள்ளே பையனும் இருந்தான். ரைட்டக்கா கண்ணாடியைத் தட்டினார்.

“சார், ஸ்டாப்புல வண்டி நிறுத்தக்கூடாது. பஸ் நிக்கிற இடம்.”

“எந்த பஸ்?”

ரைட்டக்கா பிள்ளைகளைக் காட்டினார். “இதோ நிக்குதே.”

“ஒரே நிமிஷம். பார்த்துட்டுப் போயிடறேன்.”

“எல்லாரும் அதைத்தான் சார் சொல்லுவாங்க.”

வக்கீல் காரை நகர்த்தினார். தெருவின் இருபுறமும் கார்கள் அடைத்திருந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒரே ஓர் இடம்தான் அகப்பட்டது: அவருடைய வீட்டு வாசல். அங்கே காரை விட்டுவிட்டு, மகனின் கையைப் பிடித்து வேகமாக நடந்துவந்தார். முகம் சிவந்திருந்தது.

“நான் பார்க்கத்தான் வந்தேன்” என்றார்.

“நடந்துட்டே பாருங்க. மீசைக்குத் துணையாப் பின்னாடி வாங்க.”

சிக்னலில் வண்டிகள் நின்றன. ரைட்டக்கா நடுவில் போய் நின்று, இரு பக்கமும் பார்த்து, கையை உயர்த்தி வாயால் அழைத்தார். வக்கீல் தன் மகனின் கையை இறுகப் பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கையை மருந்துக்கடைப் பெண்ணின் மகள், கேட்காமலேயே, எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் இரண்டு கைகளையும் விடவில்லை.

பள்ளி வாசலில், “நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“இதே நேரம்தான். லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன் சார்.”

மறுநாள் அவர் தாமதம். ரைட்டக்கா காத்திருக்கவில்லை. அப்பாவும் மகனும் பின்னாலேயே ஓடிவந்து, பூங்கா நிறுத்தத்தில் ஏறிக்கொண்டார்கள்.