சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது

எங்கள் வீட்டை ஒரு பெண்மணி காருக்குள் இருந்தபடியே படம் பிடித்துக்கொண்டு போனார். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த புதிது. காலை வேளை. வெள்ளைக் கார் ஒன்று நடக்கிற வேகத்தில் வந்து எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. கண்ணாடி இறங்கியது, கேமரா வெளியே நீண்டது, மறுபடி உள்ளே போனது, கார் நகர்ந்துவிட்டது. மகள் ஹாஜிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அது நியூயார்க்கில் அந்த இரண்டு கோபுரங்கள் இடிந்து விழுந்ததற்கு அடுத்த வருடம். நான் தலையில் முக்காடு போடுகிறவள். என் கணவர் பெயர் காதர் மொய்தீன். அவருடைய வேலை விசாவை நம்பித்தான் நாங்கள் மூவரும் அந்த நாட்டில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்குப் போன் செய்து சொன்னேன். "கதவைத் திறக்காதே. நான் வருகிற வரைக்கும் வெளியே போகாதே" என்றார்.

போலீஸ் வருமோ, வேறு யாராவது வருவார்களோ என்று ஒரு வாரம் காத்திருந்தோம். தபால்தான் வந்தது. அனுப்பியது ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன், அதாவது அந்தக் குடியிருப்பின் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம். உள்ளே இருந்த புகைப்படத்தில் எங்கள் வேலியும், வேலிமேல் காய்ந்துகொண்டிருந்த ஹாஜிராவின் பாவாடைகளும், காதரின் லுங்கியும் இருந்தன. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி துணி காயப்போடுவது விதிமீறல். ஆட்சேபணை இருந்தால் கமிட்டியின் முன் வந்து சொல்லலாம். பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, பயப்பட வேண்டிய ஆள் மட்டும் மாறியது.

இந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று பக்கத்து ஊர் தமிழ் நண்பர் ஒருவர் காதருக்கு விளக்கினார். அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கினாலே நீங்கள் உறுப்பினர். சேரமாட்டேன் என்று சொல்ல வழி கிடையாது. சந்தா கட்டுகிறோம்; அதில் நீச்சல் குளம், பூங்கா, தெருவோர மரங்கள் எல்லாவற்றையும் பராமரிக்கிறார்கள். குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தங்களில் சிலரைக் கமிட்டிக்கு அனுப்புகிறார்கள். புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம், குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே தெரியலாம் என்பதையெல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. சொன்னதைக் கேட்காவிட்டால் அபராதம். அதையும் மதிக்காவிட்டால் கடைசியில் வீட்டின் மேலேயே கை வைக்கலாம், ஏலத்துக்கே விடலாம். "வீட்டு மேலயேவா?" என்று நான் கேட்டேன். ஆமாம் என்று காதர் தலையாட்டினார். அன்றே வேலியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எனக்குத் தெரிந்த சங்கம் ஒன்றுதான். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு அருகே, ஹவுசிங் போர்டு பிளாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பிளாக்குக்கும் குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கு அறை கிடையாது, பலகைகூடக் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எத்திராஜ் அண்ணன்தான் செயலாளர். மோட்டார் கெட்டால் ஆள் கூட்டிவருவார், தண்ணி லாரி வராவிட்டால் போய்ச் சண்டை போடுவார். யார் வீட்டுச் சுவரில் என்ன நிறம் என்று அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எல்லாம் ஒரே நிறம்தான்; ஆலைகளின் கரி அப்படிப் படிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சாயங்காலம், பக்கத்துக் கம்பெனி ஒன்றின் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதியது. ஊதல் நிற்கவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளி மூக்கில் வைத்தாற்போல ஒரு நெடி வந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. எத்திராஜ் அண்ணன் ஒவ்வொரு மாடியாகக் கத்திக்கொண்டே ஏறினார். "எல்லாம் மொட்ட மாடிக்குப் போங்கோ! இந்த கேஸு கீழதான் தங்கும்! துணிய நனச்சி மூஞ்சில கட்டிக்கோ! இன்னா பாத்துகினு நிக்கிற, ஏறும்மா!" மாசமாக இருந்த என் அக்கா ஜமீலாவை நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஏறினோம். மாடியில் மொத்த பிளாக்கும் ஈரத்துணியோடு கடல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. நெடி கலைந்த பிறகுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. தரைத்தளத்தில் தனியாக இருந்து பிளவுஸ் தைத்துக்கொடுக்கும் சரோஜா அக்கா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் எழுந்து வருவார் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். வாசற்படியில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாடியைக்கூட ஒரே மூச்சில் ஏற அவரால் முடியவில்லை.

மறுநாள் சங்கம் கூடியது. எத்திராஜ் அண்ணனுக்குக் கண் இன்னும் சிவந்திருந்தது. "இனிமே சங்கு ஊதுனா, பக்கத்து வூட்டு கதவ தட்டிட்டுத்தான் ஓடணும். அவங்க தொறந்து மூஞ்சிய காட்டுற வரிக்கும் தட்டணும். அவ்ளோதான் சட்டம். வேற இன்னா கீது நம்மகிட்ட?" என்றார். எங்கள் சங்கம் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

டெக்சாஸ் கமிட்டியின் கூட்டம் நீச்சல் குளத்தை ஒட்டிய கிளப் ஹவுஸில் நடந்தது. கோர்ட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்து நான் பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே அரைக்கால் சட்டை போட்ட நான்கைந்து பேர் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவி லிண்டா. படம் பிடித்தவர் அவர்தான். அதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் என்பது. கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும்; அந்த வீட்டில் நான் அதுவரை ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. துணிகளை எடுத்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் காதர். லிண்டா சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிரச்சினை ஒன்றுமில்லை. இங்கே எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான்." அவர் வேலிகளைச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது என் முக்காட்டைச் சொன்னது போலிருந்தது; காதர் அதைத் திரும்பிப் பார்த்தார், நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதன்பின் பல மாதங்கள் முன்பக்கத் திரையை நான் விலக்கவே இல்லை.

மறு வருடம் மே மாதம். பொழுது சாயும் நேரம், காதர் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. வானம் பாசி பிடித்த தொட்டி மாதிரி பச்சையாக மாறியது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. திடீரென்று ஊர் முழுக்கச் சைரன். என் உடம்பு டெக்சாஸில் இருந்தது, கால்கள் திருவொற்றியூருக்குப் போய்விட்டன. துண்டை நனைத்து ஹாஜிராவின் முகத்தில் சுற்றினேன்; என் முக்காட்டையும் நனைத்து மூக்கை மூடிக்கொண்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப் படுக்கையறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். குழந்தை துண்டைப் பிடுங்கிப் போட்டு அலறினாள். கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் சரோஜா அக்கா கண்ணுக்குள் வந்தார். பக்கத்து வீட்டுக் கதவை நான் தட்டவில்லை.

ஹாஜிராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கி, புல்தரையைக் குறுக்கே கடந்து, லிண்டாவின் கதவைத் தட்டினேன். முகத்தைக் காட்டும்வரை தட்டினேன். திறந்தவர் என் ஈர முக்காட்டையும் குழந்தையையும் பார்த்துத் திகைத்துப்போனார். "மேலே! மேலே வாங்க!" என்று நான் கத்தினேன். "கீழே! கீழே!" என்று அவர் கத்தினார். புல்லை மிதித்ததற்குத்தான் திட்டுகிறார் என்று நினைத்து ஒரு அடி பின்வாங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறைக்குள் எங்களைத் தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். "டொர்னேடோ" என்றார். வீட்டுக் கூரையையே பிய்த்தெறியும் சுழற்காற்று; அதற்குத் தாழ்வான இடத்தில்தான் பதுங்க வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் சைரன் அடிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இருட்டு. பழைய கோட்டுகளின் வாசனை. பிறகு கூட்ஸ் வண்டி தலைக்கு மேலேயே ஓடுவது போல ஒரு சத்தம். ரயில் பாதையோரம் வளர்ந்தவள் சொல்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காது அடைத்தது. எனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் சத்தமாகவே ஓதினேன். லிண்டாவும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டை அவர் விடவே இல்லை. சத்தம் அடங்கியதும், "என் கணவர் இறந்த பிறகு இதற்குள் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

வெளியே வந்து பார்த்தால் வேலிகளைக் காணவில்லை. பூங்கா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் மாடிப் படுக்கையறையின் சன்னல் வழியே ஒரு மரக்கிளை உள்ளே புகுந்திருந்தது. கட்டில் முழுக்க, நானும் ஹாஜிராவும் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க, கண்ணாடிச் சில்லுகள். காதர் வந்து அதைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்திராஜ் அண்ணனின் சட்டம் என்னைக் கீழே இறக்கியிருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நானாகவே போனேன். சைரன் கேட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு விதி போடலாமே என்றேன். கமிட்டியில் ஒருவர், அப்படி எழுதி வைத்தால், தட்டாமல் போய் யாருக்காவது ஏதாவது ஆனால் சங்கத்தின் மேல் வழக்கு வரும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். புதிய வேலிக்கு எந்தப் பழுப்பு நிறம் என்று வெகுநேரம் பேசினார்கள். கூட்டம் கலைந்ததும் லிண்டா என்னிடம் வந்து, "விதி வேண்டாம். நீ தட்டு, நான் தட்டுகிறேன்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மே மாத விடுமுறையில் ஊருக்கு வந்தோம். ஜமீலா அக்கா இன்னும் திருவொற்றியூரில் அதே பிளாட்டில்தான் இருக்கிறாள். விடிந்த நேரம், மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. அங்கே அப்போது முந்தைய நாள் மாலை. "மறுபடியும் அடிக்கிறது" என்றார் லிண்டா. அவர் குரலுக்குப் பின்னால் எனக்கும் சைரன் கேட்டது. "உள்ளே போய்விட்டீர்களா?" "போய்விட்டேன். பேசிக்கொண்டே இரு." பேசினேன். கீழே தண்ணி லாரி வந்துவிட்டது. குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, "லாரி வந்துகீது, எங்கடி போய்ட்டே?" என்று அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். என்னால் இறங்க முடியவில்லை. கடல் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று நின்று, ஆலைகள் நிற்கும் எண்ணூர்ப் பக்கமிருந்து திரும்பி வந்தது. "லிண்டா, வெளியே வராதீர்கள், கீழேயே இருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே, வருகிற காற்றில் என்ன நெடி என்று முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.