எல்லைக்கு மேலே ஒன்று

உதயகலாவுக்குக் கை சும்மா இருக்காது. கலியாண வீடு, செத்த வீடுகளை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுகிற நல்லூர்க் கொம்பனி ஒன்றில் சேர்வர் பார்க்கிறவள். சேர்வரின் அடியில் ஓடி எல்லாவற்றையும் நடத்துகிற கேர்னலுக்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்பது போன்ற எண்ணை யாராவது எல்லை மீறிக் கொடுத்தால், தனக்கும் முதலாளி கனகலிங்கத்துக்கும் எச்சரிக்கை வர ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தாள். மனுசன் அதை வாசிக்கவா போகிறார்? கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தன்பாட்டில் இருப்பார்.

அன்றைக்குச் சண்டிலிப்பாயில் அவளுடைய அப்பா கதிரவேலுவே கூடத்தில் பிரேதமாய்க் கிடந்தார். அண்ணன் பிரவீணனுக்கு ரொறன்ரோவில் இன்னும் விசா சரிவரவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. அப்பாவின் முகத்தை அவன் பார்க்க நேரலையை விட்டால் வழியில்லை. அன்றைக்கு அவளுக்குப் பதிலாகக் கனகலிங்கமே சேர்வரைப் பார்த்தார்.

குருக்கள் வந்து இறங்க, போன் அதிர்ந்தது. 'இணைப்பு எண் எல்லைக்கு வெளியே. ஏற்கப்படவில்லை. பழைய எண்ணே ஓடுகிறது.' பழைய எண் சின்னக் கூட்டத்துக்குத்தான் காணும். பிந்தி வருகிறவனுக்கு இடமிராது. அண்ணன் வேலை முடிந்து பிந்தித்தான் வருவான்.

"அப்பர் கிடக்கேக்கை உவளுக்குப் போன் கேக்குது," என்று ஒரு மாமி முணுமுணுத்தாள். உதயகலா கிணற்றடிக்குப் போய்க் கனகலிங்கத்தைப் போனில் பிடித்தாள்.

"சேர், என்ன எண் போட்டனீங்கள்?"

"கனபேர் பார்ப்பினம் எண்டு உச்ச எண்ணையே போட்டனான் பிள்ளை. மொட்டையா விடக்கூடாதெல்லே, மேலை ஒண்டும் கூட்டினனான்."

மொய் வைக்கிற கை! அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உச்சத்துக்கு மேலை போட்டால் அது ஏற்காது சேர். அந்த ஒண்டை எடுங்கோ."

"ஒண்டுதானே பிள்ளை. எடுக்க மனம் வரேல்லை."

வாசலில் பறை தொடங்கியது.

"நல்ல காரியத்துக்குத்தான் சேர் ஒண்டு கூட்டுறது. இது செத்த வீடு. என்ரை அப்பா செத்துப்போனார்."

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எடுத்திட்டன் பிள்ளை."

காலையிலிருந்து எல்லாருக்கும் "அப்பா போயிட்டார்" என்றுதான் சொல்லிவந்தாள். மற்றச் சொல் இப்போதுதான் வாயில் வந்தது. கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதாள்.

கொஞ்சத்தில் அண்ணனின் செய்தி வந்தது: 'அப்பான்ரை முகம் வடிவாத் தெரியுது. நீ எங்கையடி? உன்னைக் காணேல்லை.'

போனை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். கமெராவுக்குத் தெரிகிற பக்கமாக, அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள்.