மேற்படியார் மனைவி

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர் மூன்றையும் எழுத வேண்டும் என்பது விதி. விலக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் பூந்தமல்லிப் பக்கத்துப் பங்குக் கோயில் ஒன்றில், என் தாத்தாவின் பதிவில், தாய் என்ற கட்டத்தில் "மேற்படியார் மனைவி" என்று இருக்கிறது. பெண்டாட்டி பெயரைப் பிறர் முன் சொல்லும் வழக்கம் எங்கள் ஆண்களுக்கு இல்லை. தகப்பன் சொல்லவில்லை, பதிவு எழுதிய உபதேசியார் வற்புறுத்தவில்லை.

நான் அந்தப் பதிவேடுவரை போகக் காரணம் சில கடிதங்கள். எண்பதுகளின் கடைசியில், நான் ஓய்வு பெற்ற மறு வருடம், மனைவி இறந்துபோனாள். பட்டாபிராம் வீட்டில் தகரப் பெட்டியை ஒழித்தபோது, தாத்தாவின் தகப்பனார் கோலார் தங்கவயலிலிருந்து தம் தம்பிக்கு எழுதியவை கிடைத்தன. அவற்றில் பசுவுக்குக்கூடப் பெயர் உண்டு. அவர் மனைவிக்கு மட்டும் "வீட்டில் சொல்லவும்", "வீட்டில் காய்ச்சல் தேவலையா". ஒரு கடிதத்தில் அவளுடைய தாய்வீட்டு ஊர் இருந்தது.

கல்யாணம் பெண்ணின் ஊர்க் கோயிலில்தான் நடந்திருக்கும். மணப்பெண் பெயரில்லாமல், பூசையில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்க எந்தச் சாமியாராலும் முடியாது. அந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்கு விண்ணப்பம் எழுதி, என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்தேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டு. பஸ் ஏறினால் அரை நாள் பயணம்தான். ஆனால் "நேரில் வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று சர்வீஸ் முழுக்க ஜனங்களுக்குச் சொன்னவன் நான்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் இறந்தவர் பெயர்களைச் சாமியார் பூசையில் வாசிப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பின் இந்தப் பெயரில்லாதவளுக்காகச் சீட்டு எழுத ஆளில்லை. காலக்கெடு உள்ள விஷயம். அந்த வருடம் மனைவி, பெற்றோர், தாத்தா பெயர்களுக்குக் கீழே "தாத்தாவின் தாயார்" என்று எழுதி, சீட்டு வாங்கும் கோயில்பிள்ளையிடம் கொடுத்தேன்.

"இன்னா சார், ஆளு கீது, பேரக் காணோம்?"

"தெரியலைப்பா. எழுதிக் கேட்டிருக்கேன்."

"நேர்ல போய் கேக்கறத உட்டுட்டு எழ்திகினு கீறீங்களா? மைக்ல இத்தப் படிச்சா ஜனம் சிரிக்கும் சார். பேரு தெரியாத ஆத்துமாக்குன்னு மொத்தமா ஒரு ஜெபம் கீதே, அதுல ஏறிக்கும்."

அதாவது, ஆபீஸ் பாஷையில், இதர இனங்கள். அந்தத் தலைப்பின் கீழ் போனது எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்த வரியை அவரே அடித்தார்.

பூசையில் மனைவி பெயர் வந்தது. மற்றவர்களும் வந்தார்கள். சாமியார் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் பிறர் கும்பல் கும்பலாக நின்று ஜெபித்தார்கள். மனைவிக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். இரண்டாவதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு, என் கையெழுத்தில் முகவரி எழுதிய உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு வரி, அதில் ஒரு பெயர். சாதாரணப் பெயர்தான், எங்கள் தெருவிலேயே இருவருக்கு உண்டு. வாய்விட்டுச் சொன்னேன். யாரது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. பழக்கம் விடாமல் உறையின் மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, நவம்பர் மூன்று.